மொசைக் கடை ஆக்ஸாலிக் பவுடரும் கோலினைட் மெழுகும்: ஃபைபர் படகுக்கு எது உதவுகிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகின் பக்கத்தில் படியும் பழுப்புக் கறையை எடுக்க விலை கூடிய பாட்டில் எதுவும் தேவையில்லை. மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் ஆக்ஸாலிக் ஆசிட் பவுடரே போதும். காசு போட வேண்டிய இடம் கறை போன பிறகு பூசும் மெழுகு. இரண்டுக்கும் நடுவில், வெளுப்பை உரிக்கத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்டை எவ்வளவு குறைவாகத் தேய்க்கிறோமோ, படகுக்கு அவ்வளவு ஆயுள்.

எங்கள் படகு நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், கடுவையாறு கடலில் சேரும் இடத்தில் நிற்கிறது. 28 அடி ஃபைபர். கருநீல உடம்பு, மேல் விளிம்பில் வெள்ளைப் பட்டை. நானும் அண்ணனும் பங்கு. மணலில் இழுத்துப் போடும் ஊர்களில் படகின் அடிப்பகுதி தேயும். ஆற்றில் கட்டும் எங்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. தண்ணீர் தொடும் கோட்டில் ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை ஏறிவிடும். அதற்கு மேலே வெயில் படுகிற பாகம் முழுக்க வெளுத்துச் சாம்பல் பூத்துப் போகும். வெள்ளைப் படகில் இந்த வெளுப்பு கண்ணில் படாது. நீலத்திலும் சிவப்பிலும் தூரத்திலிருந்தே தெரியும்.

அப்பா காலத்து மரப்படகுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசுவார்கள். பூசாவிட்டால் மரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்தபோது, இனிமேல் பூச்சு வேலையே இல்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. அந்த எண்ணம் நிறையப் படகுகளைக் கெடுத்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஃபைபர் படகின் வெளியே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைக்குத் தண்ணீர் இறங்காமல் காப்பது அதுதான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் இருக்கும் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. ரெசின் போய்விட, பிடிமானம் இல்லாத நிறப்பொடி மட்டும் மேலே மிஞ்சுகிறது. படகைத் தடவினால் கரும்பலகை துடைத்த டஸ்டரைத் தொட்டது மாதிரி கையில் பொடி ஒட்டுவது இதனால்தான். பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் உண்டாகின்றன. துருத் தண்ணீர், இலைதழைச் சாறு, பாசி, டீசல் எல்லாம் அந்தத் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, கறையும் வெளுப்பும் தனித்தனி வியாதி இல்லை. வெளுத்த படகு சீக்கிரம் கறைபிடிக்கும்.

சரி, கறையிலிருந்து தொடங்குவோம்.

இணையத்தில் விற்கும் வெளிநாட்டு ஹல் கிளீனர் (படகின் உடம்பைச் சுத்தம் செய்யும் மருந்து) பாட்டில்கள் பலவற்றின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆக்ஸாலிக் ஆசிட் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். துருவில் இருக்கும் இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றிவிடும் குணம் அதற்கு உண்டு. இலைச் சாற்றின் பழுப்பையும் வெளுக்கும். அதே பொருளைத்தான் மொசைக் வேலைக்காரர்கள் காலங்காலமாக வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மொசைக் மெருகு போட வந்த பெரியவரிடம்தான் கேட்டேன். "அண்ணே, இந்தப் பவுடர் எங்கே கிடைக்கும்?" என்றதும், "டைல்ஸ் கடையில கேளு தம்பி, உப்பு மாதிரி இருக்கும், நாக்குல வச்சுப் பாத்துடாத" என்றார். கிலோ 200 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு கிலோவில் படகின் இரண்டு பக்கமும் முடித்து மீதியும் இருந்தது.

பெரியவர் சொன்ன எச்சரிக்கை விளையாட்டு இல்லை. இது விஷம். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொடி மூக்கில் ஏறக்கூடாது, கண்ணில் தெறிக்கக்கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கரைத்த தண்ணீரைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். கரையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிடவும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

நான் கரைக்கும் அளவு ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் கரைகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படகின் பக்கம் செங்குத்தாக இருப்பதால் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். கறைக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. விலை கூடிய கிளீனர்களுக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி, அவற்றில் பல கூழ் மாதிரி ஒட்டி நிற்கும் என்பதுதான். அதற்கு நான் செய்தது போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை. பசையைத் தளர்வாகக் காய்ச்சி ஆறவைத்து, கரைத்த ஆசிட்டை அதில் கலந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் பட்டை முழுக்கப் பூசினேன். கால் மணி நேரத்துக்குள் பழுப்பு மஞ்சளாகி, மஞ்சளும் மறைந்தது. தேய்க்கவே இல்லை. பிடிவாதமான இடங்களில் மட்டும் இரண்டாம் கை. காயவிடாமல் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் கோடு விழும். கழுவிய பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஒருமுறை ஊற்றினால் மிச்சம் மீதி ஆசிட்டும் அடங்கிவிடும். இந்த வேலையைப் படகைக் கரையேற்றிய பிறகு செய்யுங்கள். ஆற்றில் மிதக்கும்போது செய்தால் அத்தனையும் தண்ணீரில்தான் போகும். அந்தத் தண்ணீரில்தான் நண்டும் இறாலும் இருக்கின்றன.

ஆக்ஸாலிக் எல்லாக் கறைக்கும் ஆகாது. இதைத் தெரியாமல் பலர் பவுடரைக் குறை சொல்கிறார்கள். மேல்பக்கம் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது துரு இல்லை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதால் தங்கிய சுண்ணாம்புச் சத்து. அதன் மேல் ஆக்ஸாலிக் போட்டால், சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைப் படலமாக உட்கார்ந்துவிடும். மொசைக் தரையில் மெருகு ஏறுவதற்கும் இதே சேர்க்கைதான் காரணம். மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லும் சுண்ணாம்பு வகை. அங்கே நன்மை செய்வது இங்கே கெடுதல். வெள்ளைப் புள்ளிக்கு மளிகைக் கடை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். பழைய புள்ளிகள் ஜெல்கோட்டையே கொஞ்சம் அரித்திருக்கும். அவை வினிகரில் போகாது, பாலிஷில்தான் போகும். முதலில் வினிகர், நன்றாகக் கழுவல், அப்புறம் ஆக்ஸாலிக். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைப் படகில் ஊற்றுவதை இங்கே பலர் செய்கிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அடியில் ஒட்டிய கொட்டலசை, அதாவது ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரை, அது கரைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீல் போல்ட்டையும் இன்ஜின் மாட்டும் இரும்பையும் அதே வேகத்தில் தின்னும். நான்கு படகு தள்ளி நிற்கும் ஒரு படகைக் கூலிக்கு ஒருவர் அப்படிக் கழுவிக் கொடுத்தார். அன்றைக்குப் புதுப்படகு போல இருந்தது. அடுத்த மழைக்குள் ஒவ்வொரு போல்ட்டின் கீழும் துரு வழிந்து நின்றது. பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது.

அடுத்தது வெளுப்பை எடுப்பது. ரப்பிங் காம்பவுண்டு என்பது மிக நைசான அரைபொடி. செத்துப்போன மேல்பரப்பை உரித்துவிட்டு நல்ல பரப்பை வெளியே கொண்டுவரும். உரிப்பது என்றால், இருக்கும் அரை மில்லிமீட்டரிலிருந்துதான் எடுக்கிறோம். வருடா வருடம் ஆசையாகத் தேய்த்தால் ஒருநாள் கண்ணாடி இழையின் கோடுகள் எட்டிப் பார்க்கும். காரை வருடா வருடம் பாலிஷ் போடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நான் வாங்கியது கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் 3எம் ரப்பிங் காம்பவுண்டு. நடுத்தர வெளுப்புக்கு நன்றாகவே வேலை செய்தது. பொதுவாகக் கார் பெயிண்டைவிட ஜெல்கோட் கனம் அதிகம். அதனால் கார் காம்பவுண்டு மெதுவாகத்தான் வெட்டும். பல வருட வெளுப்பு இருந்தால் படகுக்கென்றே வரும் முரட்டு ரகம் நேரத்தை மிச்சப்படுத்தும். மெகுவையர்ஸ் 49 என்று ஒன்று உண்டு, ஆக்சிடேஷனை எடுக்க என்றே செய்தது. எங்கள் படகுக்கு அது தேவைப்படவில்லை. கொஞ்ச வெளுப்பைப் பெரிய வெட்டு மருந்தால் எடுப்பது ஜெல்கோட்டை வீணடிப்பது.

மெஷின் விஷயம் முக்கியம். வேகம் மாற்றக்கூடிய பாலிஷர்தான் வேண்டும். 1200 முதல் 1800 சுற்றுக்குள் வைத்து, கம்பளிப் பேடால் இரண்டடிக்கு இரண்டடி பாகமாகப் போங்கள். கையில் இருக்கிறது என்று நாலு இஞ்ச் கிரைண்டரில் பேடு மாட்டுகிறவர்கள் உண்டு. அது நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும் மெஷின். ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றாலும் ஜெல்கோட் கருகிவிடும். அணியத்தின் (படகின் முன்முனை) விளிம்பில், மடிப்புகளில் பேடை வைக்கவே வைக்காதீர்கள், அங்கே கையால்தான் தேய்க்க வேண்டும். விளிம்பில்தான் ஜெல்கோட் மெல்லியதாக இருக்கும். இன்னொன்று, கரையில் கரண்ட் வயர் இழுக்கும்போது தரை ஈரமாக இருந்தால் வேலையைத் தள்ளி வையுங்கள். வெயிலிலும் செய்யாதீர்கள். சூடான உடம்பில் காம்பவுண்டு உடனே காய்ந்து வட்ட வட்டமாக ஒட்டிக்கொள்ளும். காலை ஒன்பதுக்குள், இல்லாவிட்டால் மாலை நான்குக்கு மேல்.

போதுமா போதாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காயவைத்து, சாய்வாக நின்று வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாப் படகும் பளபளக்கும். காய்ந்த பிறகும் கண்ணாடியில் தெரிவது மாதிரி உங்கள் விரல் அதில் தெளிவாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம். சில காம்பவுண்டுகளில் எண்ணெய் கலந்திருக்கும். அந்த எண்ணெய் வெளுப்பை மூடி மறைக்கும், எடுக்காது. அடுத்த கடல் அலையில் பழைய சாம்பல் திரும்பிவிடும். அதனால்தான் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது மெழுகு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனர் லீவுக்கு வரும்போது கோலினைட் 885 ஒரு டப்பா கொண்டுவந்தார். கோலினைட் 1936 முதல் மெழுகு செய்துவரும் அமெரிக்க நிறுவனம். 885 என்பது படகுக்கும் விமானத்துக்கும் என்று அவர்கள் செய்யும் கெட்டிப் பசை. "மச்சான், கொஞ்சமா எடுத்துப் பூசுங்க, அள்ளிப் பூசுனா துடைக்க முடியாது" என்று சொல்லிக் கொடுத்தார். அது சத்தியமான வார்த்தை. ஈரமான ஸ்பாஞ்சில் லேசாகத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூச வேண்டும். மங்கலாகக் காய்ந்ததும் காட்டன் துணியால் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. சிறு பாகமாகப் பூசித் துடைத்து நகர வேண்டும். முழுப் பக்கமும் பூசிவிட்டுத் துடைக்கலாம் என்று போனால் கை விட்டுப் போகும்.

மெழுகு செய்வது இதைத்தான். வெயிலின் அடியை முதலில் அது வாங்கிக்கொள்கிறது. நுண்துளைகளை அடைக்கிறது. அதனால் ஆற்றுத் தண்ணீரின் பழுப்பு உள்ளே இறங்குவதில்லை. தரமான மெழுகுகளில் வரும் கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். சித்திரை வெயிலில் படகின் பக்கம் கை வைக்க முடியாத அளவு கொதித்தாலும் அது ஓடாது. உள்ளூரில் சல்லிசாகக் கிடைக்கும் தரை மெழுகும் கார் மெழுகும் நானும் பூசிப் பார்த்திருக்கிறேன். பூசிய அன்று வித்தியாசமே தெரியாது. உப்புத் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து அடித்த பிறகுதான் தெரியும். மற்றவை சில வாரங்களில் போயின. இந்த டப்பா மெழுகு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் தாண்டி நின்றது. மழை முடிந்து படகைக் கரையேற்றியபோது, ஆற்றில் வெள்ளத்தோடு வந்த செம்மண் பழுப்பு கோட்டில் படிந்துதான் இருந்தது. ஆனால் ஷாம்பு தண்ணீரும் ஸ்பாஞ்சும் போட்டதிலேயே போய்விட்டது. ஆசிட்டைத் தொடவே இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

எவ்வளவு நாள் தாங்கும் என்றால், எங்கள் வெயிலுக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாக்காரர்கள் சொல்லும் ஒரு வருடக் கணக்கு குளிர்நாட்டுப் படகுக்குப் பொருந்தலாம். இங்கே மேற்கு வெயில் விழும் பக்கம் முந்திக்கொண்டு மங்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவிப் படர்ந்தால் மெழுகு தீர்ந்தது என்று அர்த்தம். மழைக்கு முன்னால் ஒருமுறை, சித்திரை பிறக்கும் முன்னால் ஒருமுறை பூசுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் பட்டறையில் எல்லோரும் நெரிவார்கள், பாலிஷர் வாடகைக்குக் கிடைக்காது. ஃபைபர் படகுக்காரர்கள் பங்குனியிலேயே முடித்துவிடுவது நல்லது.

தண்ணீருக்குள் எப்போதும் மூழ்கியிருக்கும் பாகத்துக்கு மெழுகு வேண்டாம். அங்கே வெயில் இல்லை. கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பின்னால் பெயிண்ட் அடிக்க நினைத்தால் மெழுகின் மேல் அது பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம், பூசிய மெழுகை அது சீக்கிரம் அரித்து எடுத்துவிடும். கார் ஷாம்பு போதும். கழுவிய தண்ணீர் போர் தண்ணீர் என்றால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள், அல்லது கடைசி வாளி மட்டுமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். தார்ப்பாய் மூடுகிறவர்கள் அது உடம்பை ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்காதபடி கழி கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள்.

எங்கள் படகில் ஒரு இடம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலில் அடிபட்டு, அமரத்துக்கு (படகின் பின்முனை) பக்கத்தில் ஒட்டுப் போட்ட இடம். மற்ற பாகம் பளபளக்கும்போது அந்த ஒட்டு மட்டும் மங்கலாகவே நிற்கிறது. ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேல்பரப்பில் சரியாக இறுகாது. அச்சில் வார்க்கும்போது காற்றுப் படாது, பிரச்சினை இல்லை. ஒட்டுப் போடும்போது மெழுகு கலந்த ஜெல்கோட்டைப் பூச வேண்டும், அல்லது மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காற்றை மறைக்க வேண்டும். அவசரத்தில் போடும் ஒட்டுகளில் அது நடப்பதில்லை. பாதி இறுகிய பரப்புக்கு எந்த மெழுகும் மெருகு தராது. அடுத்த முறை ஒட்டு வேலை கொடுக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சுனாமிக்குப் பிறகு வந்த படகுகளை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது வருடம் தாண்டிய உடம்பு. தேய்க்கும்போது துணியில் நிறம் ஏறுவதோடு, படகின் உடம்பில் இழையின் பின்னலும் கண்ணில் பட்டால், அந்தப் படகுக்குக் காம்பவுண்டும் வேண்டாம், டப்பா மெழுகும் வாங்காதீர்கள். ஆக்ஸாலிக் போட்டுக் கறையை எடுத்து, நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, எப்பாக்ஸி பிரைமரும் அதன் மேல் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டும் அடித்துவிடுங்கள். நிறம் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் வெளிர் நிறமாக எடுங்கள், வெயிலில் சூடும் குறையும். செலவு கூடத்தான். ஆனால் பெரியப்பா மகன் சென்ற கோடையில் அப்படி அடித்த படகு, இந்த மழையில் எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே நின்றும் கறை ஏறவில்லை.